பக்கத்து வண்டியில் தொங்கிய பலகை

அத்தியாயம் 6

துப்பறியும் தொழிலில் இருக்கும் ஒரே சுகம், குற்றவாளி யாரென்று தெரியாமல் ஊரெல்லாம் சுற்றலாம் என்பதுதான். வாலுக்கு அந்தச் சுகம் காலைக் காபியோடு பறிபோனது. கைபேசியில் பழைய படங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது குற்றவாளி வகையாக மாட்டினான். ஒரு படத்தின் ஓரத்தில் அவனுடைய இடது கை, சிவப்புப் பலகையைப் பிடித்தபடி, கட்டைவிரலில் ஜாமோடு. அந்தக் கை வாலுடையது.

படத்தை உடனே அழித்தான். அழித்த கையோடு கட்டைவிரலைச் சட்டையில் ஒரு தரம் துடைத்துக்கொண்டான்.

வால் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அப்பாவின் தங்கை துப்பறிவாளர். அவர் பின்னாலேயே ஏழெட்டு வருஷம் அலைந்து, அவர் பேசி முடிப்பதற்குள் ஒரு நக்கல் அடித்து, அவன் தானாகச் சம்பாதித்த பட்டம் அது. அத்தையும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க எடுத்தால், நான்கு தெரு தள்ளித் தூங்கும் திருடனுக்குக் குளிர்காய்ச்சல் வரும்.

"என்னடா, காலையிலேர்ந்து ஒரு நக்கலையும் காணோம்? உடம்புக்கு என்ன?" யார்டு வாசலில் டாக்சியை விட்டு இறங்கும்போது அத்தை கேட்டார்.

"நாக்குக்கு இன்னிக்கு லீவு குடுத்துட்டேன் அத்தை."

"வேலைக்கு வந்த இடத்துல மேடம்னு கூப்பிடு."

"சரிங்க, மேடம் அத்தை."

நகரத்து மெட்ரோ ரயில்களும் பேருந்துகளும் ஓய்வெடுக்கவும், குளிக்கவும், வைத்தியம் பார்த்துக்கொள்ளவும் வந்து சேரும் யார்டு அது. ஒரு பக்கம் பஸ்கள் மூக்கை வாசல் பக்கம் நீட்டி, பந்தயத்துக்குத் தயாரான குதிரைகள் மாதிரி வரிசை கட்டி நின்றன. எதிர்ப்பக்கம் விமானமே உள்ளே வந்து தூங்கிவிட்டுப் போகலாம் போல ஒரு ஷெட். அதற்குள் தண்டவாளங்கள், அவற்றின் நடுவே பள்ளங்கள், பள்ளங்களுக்கு மேலே ரயில்கள். ஆள் உயரத் தூரிகைகள் சுழன்று ரயில்களைத் தேய்த்துக் குளிப்பாட்டும் சத்தத்தில், மனசுக்குள் நினைப்பதைக்கூட உரக்கத்தான் நினைக்க வேண்டும்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ரயிலுக்கு அடியில் பள்ளத்தில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும், முதலில் தன் சிவப்புத் தகரப் பலகையை அந்த ரயிலின் மூக்கிலிருக்கும் கொக்கியில் மாட்ட வேண்டும். பலகையில் அவர் புகைப்படம் இருக்கும். அதன் கீழே 'அடியில் ஆள்' என்று கொட்டை எழுத்து. பலகை தொங்கும்வரை அந்த ரயிலை ஓர் அங்குலம் நகர்த்தக் கடவுளுக்கும் அதிகாரமில்லை. மாட்டியவர் கைதான் கழற்ற வேண்டும். மேனேஜரே ஆனாலும் தொடக்கூடாது.

மூன்று நாளைக்கு முன்னால் சக்கர மெக்கானிக் ஒருவர் பள்ளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலிருந்த ரயில் நகர்ந்தது. ஹாரன் அடித்திருக்கிறது. ட்ரில்லிங் மெஷினின் அலறலில் அது அவர் காதில் விழவில்லை. தாவி ஒதுங்கியதில் உயிர் தப்பியது, கணுக்கால் தப்பவில்லை. டூல் பெட்டி தபால்தலை கனத்துக்கு நசுங்கியது. அவருடைய பலகையோ பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற வேறொரு ரயிலின் மூக்கில் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"என் வண்டியிலதான் மாட்டினேன்" என்று மெக்கானிக் கட்டுப்போட்ட காலின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். "நான் பாத்தப்போ பலகையே இல்ல" என்றார் ரயிலை நகர்த்திய டிரைவர். யார்டுக்குள் ரயிலை இடம் மாற்றுவது மட்டுமே அவர் வேலை. எல்லோருக்கும் அவர் ஷண்டர் அண்ணன். சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பலகையைக் கழற்றிப் பக்கத்து ரயிலில் மாட்டிவிட்டு வண்டியை எடுத்தது அவர்தான் என்று மேனேஜர் தீர்மானித்துவிட்டார். இன்று மதியம் ஷிஃப்ட் மாறும்போது அவரை வேலையை விட்டு அனுப்புவதாக ஏற்பாடு. அதோடு போலீஸ் புகார். அதற்கு ஆதாரம் தேடித் தரத்தான் அத்தையைத் திரும்ப வரச் சொல்லியிருந்தார்.

அது போதாதென்று இன்னொன்றும் உண்டு. கால் ஒடிந்த மெக்கானிக், ஷண்டர் அண்ணனின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணனுக்குப் பணிவிடை செய்யப் போனவள்தான், அதற்கப்புறம் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நடந்தது என்ன என்பது இந்த உலகத்திலேயே வாலுக்கு மட்டும்தான் தெரியும். விபத்து நடந்த அன்று காலை, யாரோ ஒரு மகானுபாவன் ரயில்களின் முகத்தில் கறுப்பு மீசை வரைகிறான் என்று மேனேஜர் இவர்களைக் கூப்பிட்டிருந்தார். பஸ்ஸுக்குச் சாயம் அடிக்கும் பெயிண்டரின் அடங்காத கலைத்தாகம்தான் அது என்று அத்தை அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டார். அதற்கு முன்னால் மீசைகளைப் படம் எடுத்து வரும்படி வாலை மேனேஜரோடு ஷெட்டுக்குள் அனுப்பியிருந்தார். ஒரு கையில் ஜாம் பன், ஒரு கையில் கைபேசி. ஒரு மீசையை ஏதோ சிவப்புத் தகரம் மறைத்துக்கொண்டிருந்தது. பன்னை வாயில் கவ்விக்கொண்டு தகரத்தைக் கழற்றி, படம் எடுத்து, அடுத்த மீசைக்கு நகர்ந்து, அங்கே ஞாபகம் வந்து தகரத்தைத் திரும்ப மாட்டினான். அடுத்த மீசையின் கொக்கியில். ரயில்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சு அசலாக இருந்தால் மனுஷன் என்ன செய்வான்?

மனுஷன் வாயைத் திறந்து சொல்லலாம். அதுதான் காலையிலிருந்து வரவில்லை.

மேனேஜரின் வயிறு முதலில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் வந்தார்.

"மேடம், சட்டுனு முடிச்சுக் குடுங்க. பலகை தொங்குற வண்டியை நகத்த முடியல. மாட்டினவன் கட்டில்ல கெடக்குறான், கழட்ட ஆளில்ல. மூணு நாளா ஒரு ரயில் கம்மி. ஜனங்க ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி நின்னு போறாங்க. இன்னிக்கு என்னைத் திட்டாதவங்க இன்னும் பொறக்கவே இல்ல."

"பலகையை அதுக்கப்புறம் யாரும் தொடலையே?"

"தொட்டா வேலை போயிடும் மேடம்."

வால் இடது கையைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டான்.

ஷெட்டுக்குள் பலகை தொங்கியது. மெக்கானிக் புகைப்படத்திலிருந்து வாலை நேராகப் பார்த்தார். வால் இடப்பக்கம் நகர்ந்தான். அங்கேயும் பார்த்தார்.

அத்தை பலகையைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஷெட்டிலிருந்த மற்ற ரயில்களின் மூக்கையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பக்கத்துப் பள்ளத்திலிருந்து தலையை நீட்டிய பெண் ஃபிட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, எல்லாரும் சங்கிலியைக் கொக்கியில ரெண்டு சுத்து சுத்தி மாட்டியிருக்கீங்களே, ஏன்?"

"பக்கத்துல வண்டி போச்சுன்னா காத்து தூக்கி அடிக்கும் மேடம். ஒரு சுத்துல நிக்காது. மொத நாள் வேலைக்கு வந்தவன்கூட ரெண்டு சுத்துதான்."

"இது ஒரே சுத்துல தொங்குது, பாருங்க."

ஃபிட்டர் அக்கா எட்டிப் பார்த்தாள். "அட ஆமா! செவுத்துல காலண்டர் மாட்டுன மாதிரி!"

அத்தை மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஷண்டருக்கு இங்க எத்தனை வருஷ சர்வீஸ்?"

"அது ஆச்சு மேடம், என் தலையில முடி இருந்த காலத்துலேர்ந்து."

"அவசரத்துல திருட்டுத்தனமா மாட்டுனாலும் அவர் கை ரெண்டு சுத்து சுத்தும். எவ்வளவு அவசரமா ஓடுனாலும் செருப்பை இடதுக்கு வலது மாத்திப் போட மாட்டோம் இல்லையா, அந்த மாதிரி. இது யார்டு கை இல்ல. வெளியாள் யாராவது அன்னிக்குத் தனியா ஷெட்டுக்குள்ள வந்தாங்களா?"

"யாருமே வரல!" என்றார் மேனேஜர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது. வெளியாள் யார் வந்தாலும் மேனேஜர் கூடவே வர வேண்டும் என்பது யார்டு சட்டம். அன்றைக்கு வாலை வாசலில் விட்டுவிட்டு, "நீங்களே சுத்திப் பாருங்க தம்பி, எனக்கு ஒரு போன் வருது" என்று போனவர் அவர். இருவர் கண்களும் ஒரு நொடி சந்தித்தன. ஒரே தட்டில் கை வைத்த இரண்டு திருடர்கள் போல இருவரும் உடனே கூரையைப் பார்த்தார்கள்.

"அத்தை, ஒருவேளை காத்துல ஒரு சுத்து தானா கழண்டிருக்குமோ?" என்று வால் மெல்ல இழுத்தான்.

"மேடம்."

"மேடம், காத்து."

அத்தை சங்கிலியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையிலிருந்து ரயிலின் மூக்கு வழியாக எறும்புகள் மெல்லிய கோடாக ஏறிச் சங்கிலியின் ஒரே ஒரு வளையத்தை மொய்த்தன.

"இந்த கிரீஸ் காட்டுல எறும்புக்கு என்னடா வேலை?"

"வேலை இல்லாத் திண்டாட்டம் மேடம். யார்டுல ஆள் எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டு வரிசையில நிக்குது." நாக்கு பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. முகம் சிரிக்கவில்லை.

அத்தை குனிந்து முகர்ந்தார். நிமிரும்போது அவர் முகம் பூட்டிய கடை மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததைத் திரும்பப் போட்டுக்கொள்ளாமல் பெட்டிக்குள் வைத்து மூடினார். நடுக் கேஸில் அத்தை கண்ணாடியை மூடி வைத்து வால் பார்த்ததேயில்லை.

"என்ன மேடம், ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்றார் மேனேஜர்.

அத்தை வாயைத் திறந்தார். ஆனால் பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது.

"தேட வேண்டாங்க. நான்தான் செஞ்சேன்."

ஷண்டர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சீருடைச் சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார், ஆனால் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"நான்தான் கழட்டி மாட்டினேன். எழுதிக் குடுத்துடுறேன் சார்."

"பாத்தீங்களா!" மேனேஜரின் முகம் திருவிழா விளக்குப் போட்டது மாதிரி ஆனது. "முடிஞ்சுது விஷயம்!"

"எப்பக் கழட்டினீங்க?" என்று அத்தை கேட்டார்.

"அது ஞாபகம் இல்லீங்க."

"கழட்டினது ஞாபகம் இல்லையா?"

"மச்சான் மாட்டினேன்னு சொல்றாரு. அவரு வாயில பொய் வராது. வண்டியை எடுத்தது நான். அப்ப வேற யாருங்க? ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாத்த அசதி, கை தானா செஞ்சிருக்கும். மொத நாள் இல்லவே இல்லன்னு சண்டை போட்டேன். அப்புறம் படுத்தா, கண்ணை மூடுனா, இந்தக் கை அந்தப் பலகையைக் கழட்டுற மாதிரியே தெரியுது. நல்லாவே தெரியுதுங்க. விரல்கூடத் தெரியுது." வலது கையை நீட்டி, அது யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி பார்த்தார்.

தூரிகைகள் மட்டும் தூரத்தில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தன.

வாலுக்குள் ஒரு குட்டிச் சாத்தான் துள்ளி எழுந்தது. படத்தை அழித்தாயிற்று. எறும்புக்குச் சாட்சி சொல்லத் தெரியாது. மேனேஜர் செத்தாலும் வாய் திறக்கமாட்டார். குற்றத்தைத் தலையில் வாங்கிக்கொள்ள ஒருவர் தானாக வந்து நிற்கிறார், அதுவும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு. சும்மா இருந்தால் போதும். இவ்வளவு சுலபமான வேலை வாழ்நாளில் அவனுக்குக் கிடைத்ததில்லை.

அத்தையைப் பார்த்தான். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷண்டர் அண்ணன் அவனருகில் வந்தார். "தம்பி, நீங்க நல்லாப் பேசுவீங்களாமே. எல்லாரும் சொன்னாங்க. என் வீட்டுக்காரி கிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா? வேணும்னு செய்யல, தெரியாமத்தான் செஞ்சாருன்னு. நான் சொன்னா கதவைத் திறக்க மாட்டேங்குறா. நீங்க நாலு வார்த்தை சிரிக்கச் சிரிக்கச் சொன்னா அவ நின்னு கேப்பா."

வால் அவருடைய வலது கையைப் பிடித்தான்.

"அந்தக் கை உங்களுது இல்லண்ணே" என்றான். "என்னுது."

எல்லாவற்றையும் சொன்னான். மீசை, பன், தகரம், அடுத்த ரயில், அழித்த படம். ஒரு நக்கல் கூட இல்லாமல் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். அதனாலேயே ஒருவரும் நம்பவில்லை.

"சும்மா இருங்க தம்பி!" என்று மேனேஜர் பாய்ந்தார். "அவரைப் பாத்துப் பரிதாபப்பட்டு இவர் கதை விடுறார் மேடம். படம் எங்க? அழிச்சிட்டாராம்! நல்லா இருக்கே! அன்னிக்கு ஷெட்டுக்குள்ள நான் இவர் கூடவேதான் இருந்தேன்!"

ஷண்டர் அண்ணனும் தலையை ஆட்டினார். "வேண்டாம் தம்பி. எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

வால் திகைத்தான். உண்மையைச் சொல்லிவிட்டால் உலகம் அப்படியே அள்ளிக்கொள்ளும் என்றல்லவா நினைத்திருந்தான்.

அத்தை நிமிர்ந்தார். "அக்கா, உங்க பலகையை ஒரு நிமிஷம் கடன் குடுங்க. நீங்க மேல ஏறி வந்துட்டீங்க இல்ல?"

ஃபிட்டர் அக்கா தன் ரயிலிலிருந்து தன் பலகையைத் தானே கழற்றிக் கொடுத்தாள். அத்தை அதை வாலிடம் நீட்டினார்.

"அந்தக் காலிக் கொக்கியில மாட்டுடா. யோசிக்காத. சும்மா மாட்டு."

வால் மாட்டினான். சங்கிலியை ஒரே சுற்றாகக் கொக்கியில் தொங்கவிட்டு, கோணலாக நின்ற பலகையை ஒரு விரலால் தட்டி நேராக்கினான்.

"ஐயையோ!" என்று ஃபிட்டர் அக்கா தலையில் கை வைத்தாள். "அதே காலண்டரு!"

ஷண்டர் அண்ணன் இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப... நான் வந்து பாத்தப்போ... பலகை இல்லையா?"

"இல்லண்ணே."

"நிஜமாவே இல்லையா?"

"சத்தியமா இல்லண்ணே. நீங்க சரியாத்தான் பாத்தீங்க."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"பலகை இல்லண்ணே."

ரயிலின் படியில் அவர் பொத்தென்று உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் தடவிக்கொடுத்தார். அப்புறம் எழுந்தார். வால் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் தயாராக வைத்தான்.

"மூணு நாளாடா! இந்தக் கையை வெட்டி எறிஞ்சிடலாமான்னு யோசிச்சேன்டா! சோறு பிசையக்கூடக் கூசுச்சு! காலையில தெரிஞ்சவன் காலையிலயே சொல்லியிருந்தா, அரை நாள் மிச்சமாயிருக்குமேடா!"

அடித்திருந்தால் தேவலை என்று வாலுக்குத் தோன்றியது.

"அவனை மட்டும் திட்டாதீங்க" என்றார் அத்தை. "ஜாம் வாசனை வந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவனைத் தவிர யார் இங்க ஜாம் பன்னோட திரியப்போறாங்க? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்க வந்து நான்தான்னு சொன்னதும் மூடிட்டேன். என் அண்ணன் பையனாச்சேன்னு மனசு தடுத்துச்சு. கொஞ்ச நேரந்தான். ஆனா மூடினது மூடினதுதான். இவன் பேசலைன்னா நான் பேசியிருப்பேனான்னு எனக்கே தெரியல."

வால் அத்தையைப் பார்த்தான். அத்தை பொய் சொல்லி அவன் கேட்டதில்லை, அன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

"ஆமா சார்," என்று ஃபிட்டர் அக்கா இழுத்தாள், "வெளியாளைத் தனியா ஷெட்டுக்குள்ள விட்டது யாரு?"

மேனேஜர் வெட்கத்தோடு தன் காலணியைப் பார்க்க முயன்றார். வயிறு மறைத்தது.

"போன் வந்துச்சு" என்றார் ஈனஸ்வரத்தில். "வீட்லேர்ந்து. என்ன காய் வாங்கணும்னு." கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு டூட்டிக்கு வந்துடு ஷண்டர். மேலிடத்துக்கு நான் போய்ச் சொல்லிக்கிறேன். என்னைப் பத்தியும்தான்" என்றார்.

ஷண்டர் அண்ணன் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா" என்றார் வாலிடம். "மச்சான் வீட்டுக்குப் போவோம். அவ முன்னாடி நீயே சொல்லணும்."

யார்டிலிருந்து கிளம்பிய பஸ்ஸிலேயே மூவரும் ஏறினார்கள். அப்போதுதான் கழுவிய பஸ், இருக்கையெல்லாம் ஈரம். வழி நெடுக வால் மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். நாலு வீதி தாண்டுவதற்குள் நாற்பது விதமாக ஆரம்பித்தான். எல்லாமே கொஞ்சம் சிரிக்க வைக்கிற மாதிரி வந்து தொலைத்தது. ஒவ்வொன்றையும் ஜன்னல் வழியாக எறிந்தான்.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவள் முதலில் புருஷனைப் பார்த்தாள். முகம் இறுகியது. பாதி திறந்த கதவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"உங்க வீட்டுக்காரர் செய்யலைங்க" என்றான் வால். மூச்சு வாங்கியது. "பலகையை எடுத்து மாத்தி மாட்டினது நான். அவர் வந்து பாத்தப்போ அங்க பலகை இல்ல. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. காலையிலேயே எனக்குத் தெரியும். பயந்துபோய்ச் சொல்லாம இருந்தேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கதவை அகலத் திறந்து புருஷனிடம் திரும்பினாள்.

"சாப்பிட்டீங்களா?"

ஷண்டர் அண்ணன் தலையை இல்லை என்று ஆட்டினார். அவர் உள்ளே போனார். அவளும் போனாள். கதவு மூடப்படவில்லை, வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை. வாலும் அத்தையும் வாசலில் நின்றார்கள். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவள் ஏதோ சொல்ல, ஒரு கட்டில் கிறீச்சிட்டது.

"எவன்டா அவன்?" மெக்கானிக்கின் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. "உள்ள வரச் சொல்லு! என்னால எழுந்து வர முடியாது, அவனுக்குக் கால் இருக்கில்ல, வரட்டும்!"

"நானும் வரேன்" என்றார் அத்தை.

"வேண்டாம் அத்தை" என்றான் வால். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கட்டில் இருந்த அறையைப் பார்த்து நடந்தான்.